கிளைக்கால் ஊற்றியபின் கூடம் குளிரவில்லை: உதவுங்கள்

ராணிப்பேட்டை:
காலணி தைக்கும் கூடம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். போன மாதம் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) குழாய்களைக் கழுவிய ஒப்பந்தக்காரர், துரு பிடிக்காது என்று சொல்லித் தண்ணீரில் புரொப்பிலீன் கிளைக்காலை (உறையாமல் தடுக்கும் திரவம்)க் கலந்துவிட்டுப் போனார். 20 சதவீதமாம். முன்பு 7 டிகிரியில் போகும் தண்ணீர் கூடத்தின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு 12-ல் திரும்பும். இப்போது 10-ஐத் தாண்டவில்லை. கூடம் 28-ல் நிற்கிறது. நம் ஊர் மே மாதத்தைச் சொல்ல வேண்டுமா? ஃபில்டர் மாற்றி, காயிலையும் (குளிர்ந்த தண்ணீர் ஓடும் செம்புக் குழாய்ச் சுருள்) கழுவிவிட்டேன்.

ஆம்பூர்:
காயிலில் காற்று அடைத்திருக்கும் தம்பி. மேலே உள்ள திருகைத் திறந்து விடுங்கள். குழாயில் அழுக்கைப் பிடிக்கும் சல்லடையான ஸ்டிரெய்னரையும் பாருங்கள்.

ராணிப்பேட்டை:
இரண்டும் செய்தேன் அண்ணா. காற்று வரவில்லை. விரலில் பட்ட தண்ணீர்தான் எண்ணெய் போல வழுக்கியது.

காட்பாடி:
அந்த வழுக்கலில்தான் விஷயம் இருக்கிறது. 20 சதவீதத்தில் அவ்வளவு வழுக்காது. கலவை எத்தனை சதவீதம் என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். 35 இருந்தால், 7 டிகிரியில் அது தண்ணீரைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் கெட்டி. குழாய்க்குள் புரண்டு ஓடும் தண்ணீர்தான் செம்புச் சுவரிலிருந்து வெப்பத்தைப் பிடுங்கும். ஓட்டம் எவ்வளவு புரள்கிறது என்று சொல்லும் ரேனால்ட்ஸ் எண் 10,000-லிருந்து 3,000 பக்கம் இறங்கினால், சுவரை ஒட்டிய படலம் அசையாமல் சோம்பிக் கிடக்கும். வெப்பத்தைச் சுமக்கும் திறனான தன்வெப்பமும் 4.2-லிருந்து சுமார் 3.8-க்குக் குறையும். பம்ப் தள்ளும் அளவும் சரியும். காயில் என்ன செய்யும், பாவம்!

சில்லரை 4 டிகிரிக்குக் கீழே இறக்காதவரை வேலூர்ப் பக்கம் கிளைக்கால் எதற்கு? துருவுக்குத் தனி மருந்து இருக்கிறது. அந்த மருந்து சேராத கிளைக்கால் நாளடைவில் அமிலமாகி இரும்பை அரிக்கவே செய்யும்.

வடிப்பதற்குமுன் தண்ணீர் ஓட்டம் குறைந்தால் சில்லரை நிறுத்தும் ஃப்ளோ சுவிட்சும், தண்ணீர் உறையுமுன் நிறுத்தும் உறைவுத் தடுப்பு டிரிப்பும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பாதியை மட்டும் வடிக்காதீர்கள். 20-க்குக் கீழே கிளைக்கால் கிருமிகளுக்குத் தீனி, குழாய் கொழகொழத்துவிடும். வடித்ததைக் கால்வாயில் விட்டுவிடாதீர்கள். பாலாறு தோல் கழிவைக் குடித்தது போதும்.

ராணிப்பேட்டை:
கருவி 38 காட்டியது! முழுதும் வடித்து மூன்று முறை அலசி, மருந்து கலந்த தண்ணீர் நிரப்பினேன். திரும்பும் தண்ணீர் 12, கூடம் 24. வடித்த பீப்பாய்கள் கொட்டகையில் வரிசையாக நிற்கின்றன. முதலாளி தினமும் அவற்றைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். அனுமதி பெற்ற கழிவு நிறுவனம் எடுத்துக்கொள்ளுமா அண்ணா?

காட்பாடி:
எடுத்துக்கொள்வார்கள். பீப்பாய்மேல் பெயரையும் சதவீதத்தையும் எழுதி ஒட்டுங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.