புதுப்பிப்பு: அம்மாவின் திருமணப் பதிவு கிடைத்துவிட்டது

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அம்மாவின் முதலாண்டு நினைவு மலருக்காக, அவருடைய திருமணம் எந்தக் கோவிலில், எப்போது நடந்தது என்று எப்படி அறிவது எனக் கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

அம்மா ஞானஸ்நானம் பெற்ற பங்குக் கோவிலில் விசாரிக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேட்டில் பிற்பாடு நடக்கும் திருமணத்தையும் குறித்துவைப்பார்கள். அம்மாவின் வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், வேறு மையில் மணநாளும் கோவிலின் பெயரும் இருந்தன.

ஒன்றை எதிர்பார்க்கவில்லை. பழைய பதிவு லத்தீனில் இருந்தது. சூசை என்பது யோசேப்பு என்பதன் தமிழ் வடிவம்; அதனால் சூசையம்மாள் என்று தேடிக் கிடைக்காத அம்மாவின் பெயர், ‘யோசேபா’ என்று தேடியதும் கிடைத்தது.

ஜூலை 26 வந்தால் புக்கிட் மெர்தாஜம் புனித அன்னாள் திருவிழாவுக்குத் தவறாமல் எங்களை அழைத்துப்போனவர் அம்மா. மெழுகு சொட்டிய அவருடைய செபப்புத்தகத்துக்குள் அந்தப் பக்கத்தின் நகலை வைத்திருக்கிறேன்.