பத்திரச் செலவு குறைஞ்சுதா, கூடுச்சா? சேலம் மனை மார்க்கெட் சண்டை

ஆவணம்_அஸ்தம்பட்டி:
நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு புரமோட்டர் போட்டதைப் பார்த்து வயித்தெரிச்சல்ல எழுதுறேன். "2023 தமிழ்நாடு பட்ஜெட்ல பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்துலருந்து 2 சதவீதமா குறைச்சாங்க, அதுக்கப்புறம்தான் சேலத்துல மனை வியாபாரம் சூடு பிடிச்சுது"ங்கறார். பாதியைச் சொல்லிட்டு பாதியை முழுங்கிட்டார். அதே பட்ஜெட்லதான் வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரம் போட அரசாங்கம் நிர்ணயிக்கிற குறைந்தபட்ச நில மதிப்பை, 2017க்கு முந்தின அளவுக்கு ஏத்துனாங்க. கணக்குப் போடுங்க. அரை கிரவுண்டு, 1,200 சதுர அடி. வழிகாட்டி மதிப்பு அடிக்கு 1,000 ரூபாய்னு வைங்க.
2017 ஜூனுக்கு முன்னாடி: 12 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவு 1, ஆக 8 சதவீதம். 96,000 ரூபாய்.
2017 ஜூனுக்கு அப்புறம்: மதிப்பு 33 சதவீதம் குறைஞ்சு 8.04 லட்சம். பதிவுக் கட்டணம் 4 ஆனதால மொத்தம் 11 சதவீதம். 88,440.
2023 ஏப்ரல்: மறுபடியும் 12 லட்சம், 9 சதவீதம். 1,08,000.
எங்கய்யா குறைஞ்சுது? கிட்டத்தட்ட இருபதாயிரம் கூடியிருக்கு.

ஃபேர்லாண்ட்ஸ்_மனை:
அண்ணா, 4 பெருசா 2 பெருசா? அதை மட்டும் சொல்லுங்க.

ஆவணம்_அஸ்தம்பட்டி:
எதுல 4, எதுல 2? அதையும் நீங்களே சொல்லுங்க தம்பி.

ஃபேர்லாண்ட்ஸ்_மனை:
நீங்க போட்டது வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் போடுற ஆளோட கணக்கு. வழிகாட்டி மதிப்பு, நிஜ விலை ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் கட்டணம். அழகாபுரத்துல 30 லட்சத்துக்கு மனை வாங்கி, பேங்க் லோன் போட்டு, முழு விலைக்கும் பத்திரம் பண்றவனுக்கு 11 சதவீதத்துல 3.30 லட்சம். 9 சதவீதத்துல 2.70 லட்சம். 60,000 ரூபாய் மிச்சம். 2 சதவீதம் குறைஞ்சது குறைஞ்சதுதான். பத்திரம் எழுதுறவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

ஆவணம்_அஸ்தம்பட்டி:
தெரியும். முழு விலைக்குப் பத்திரம் போடுற ஆளுங்க நம்ம ஊர்ல எத்தனை பேருன்னும் தெரியும். கொண்டலாம்பட்டில தறி ஓட்டுறவர் ஒருத்தர், மகளுக்குன்னு மனை பேசி அக்ரிமெண்ட் போட்டு வச்சிருந்தார். பழைய கணக்குல கட்டணத்தைத் தனியா ஒரு மஞ்சப்பையில எடுத்து வச்சிருந்தார். ஏப்ரல்ல வந்து உட்கார்ந்தப்ப பணம் பத்தலை. அந்தம்மா தோட்டைக் கழட்டி வீட்டுக்காரர் கையில குடுத்து, அடகுக் கடைக்குப் போயிட்டு வரச் சொல்லிட்டு என் பெஞ்சுலயே உட்கார்ந்திருந்துச்சு. அவங்ககிட்டப் போய் 2 சதவீதம் குறைஞ்சுதுன்னு சொல்லுங்க பார்ப்போம்.

வட்டிக்கணக்கு:
ரெண்டு பேருக்கும் வணக்கம். மார்க்கெட்டை ஆட்டுறது பத்திரச் செலவு இல்லீங்க, தவணை. ரிப்போ வட்டி, அதாவது பேங்குகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் குடுக்கிற வட்டி, 2020 மே மாசத்துலருந்து 2022 மே வரைக்கும் 4 சதவீதம். 2023 பிப்ரவரில 6.5. 30 லட்சம் கடன், 20 வருஷம்னா, 7 சதவீத வட்டில மாசம் சுமார் 23,260. அதே கடன் 9 சதவீதத்துல சுமார் 26,990. ஒரு தடவை கட்டுற இருபதாயிரத்தைப் பத்தி அடிச்சுக்கிறீங்க. மாசா மாசம் 3,700 கூடுதே, அதைப் பேச ஆள் இல்லை.

ஆவணம்_அஸ்தம்பட்டி:
சார், அது ரிசர்வ் வங்கி சமாச்சாரம். நான் கேட்டது பட்ஜெட்ல குறைஞ்சுதா கூடுச்சாங்கறது.

ஃபேர்லாண்ட்ஸ்_மனை:
குறைஞ்சுது.

ஆவணம்_அஸ்தம்பட்டி:
கூடுச்சு.

பட்டறை_செவ்வாய்ப்பேட்டை:
பட்ஜெட்னு சொல்லிட்டு மாநில பட்ஜெட்டையே கட்டிட்டு அழுறீங்க. 2024 ஜூலை 23 மத்திய பட்ஜெட்டை மறந்துட்டீங்களா? சொத்து வித்தா, வாங்குன விலையை விலைவாசிக்கு ஏத்த மாதிரி கூட்டிக் காட்டுற பணவீக்கக் கழிவு கிடையாது, 12.5 சதவீத வரின்னு சொன்ன அன்னைக்கு, எங்க அப்பா காலத்து வீட்டை வாங்க வந்தவர்கிட்ட நாங்களே பேச்சை நிறுத்துனோம். அதே பட்ஜெட்லதான் வெள்ளி, தங்கத்துக்கு இறக்குமதி வரியை 15லருந்து 6 சதவீதமா குறைச்சாங்க. கையில வெள்ளி வச்சிருந்த கொலுசுப் பட்டறைக்காரன் ஒரே நாள்ல நஷ்டம் பார்த்தான். நாங்கதான் இந்த ஊர்ல மனையில பணம் போடுற ஆளுங்க. எங்க கை இறுகுனா உங்க மனையை யார் வாங்குவா?

ஃபேர்லாண்ட்ஸ்_மனை:
அந்த வரியை ஆகஸ்ட்லயே திருத்திட்டாங்களே அண்ணா. 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்குன நிலம், வீடுன்னா பழைய 20 சதவீதம் கழிவோட, இல்லைன்னா புது 12.5 கழிவில்லாம, எது குறைவோ அது. அரைகுறையா படிச்சுட்டு பேச்சை நிறுத்துனா நஷ்டம் உங்களுக்குத்தான்.

பட்டறை_செவ்வாய்ப்பேட்டை:
அரைகுறைன்னு யாரைச் சொல்றீங்க? போன தடவை ஏர்போர்ட் பேச்சு வந்தப்ப, காமலாபுரம் பக்கம் மனை வாங்குனா ரெண்டு மடங்குன்னு சொன்ன ஆள்தானே நீங்க? 2023 அக்டோபர்ல விமானம் மறுபடி வந்துச்சு. மடங்கு எங்க?

ஆவணம்_அஸ்தம்பட்டி:
ஏர்போர்ட்டை விடுங்க, பேச்சை மாத்தாதீங்க. வழிகாட்டி மதிப்பு ஏறுனா வாங்குறவருக்கு மட்டும் அடி இல்லை. அதுக்குக் கீழ 10 சதவீதத்துக்கு மேல குறைச்சு வித்தா, விக்கிறவருக்கும் வருமான வரில வழிகாட்டி மதிப்பையே வித்த விலையா எடுத்துக்குவாங்க. வாங்குறவர் கையிலயும் அந்த வித்தியாசத்தை வருமானமா பார்ப்பாங்க. அவசரத்துக்கு விலை இறக்கி வித்தா ரெண்டு பக்கமும் இடி. 2 சதவீதம், 2 சதவீதம்னு கிளிப்பிள்ளை மாதிரி சொல்றவங்க இதைச் சொல்றாங்களா?

குப்பனூர்_விவசாயி:
நீங்க எல்லாம் வாங்குறதையும் விக்கிறதையும் பேசுறீங்க. 2018ல சேலம்-சென்னை எட்டு வழிச்சாலைன்னு அறிவிச்சதும் எங்க பக்கம் தென்னந்தோப்புக்குள்ள கல்லு நட்டாங்க. பூலாவரி, குப்பனூர் பக்கம் நிலத்துக்கு அட்வான்ஸ் குடுக்கவே ஆள் வரலை. 2019 ஏப்ரல்ல உயர்நீதிமன்றம் நிலம் எடுப்பை ரத்து பண்ணுச்சு. 2020 டிசம்பர்ல உச்சநீதிமன்றம் புதுசா அறிவிச்சு எடுக்கலாம்னுச்சு. வழிகாட்டி மதிப்பு குறைச்சலா இருந்தா நல்லதுன்னு பேசுற ஆவணத்தாருக்கு ஒண்ணு சொல்றேன். அரசாங்கம் நிலம் எடுக்கும்போது இழப்பீட்டுக் கணக்குல அந்த வழிகாட்டி மதிப்பும் வரும். அதைக் குறைச்சப்ப எங்க வயித்துல அடிச்சாங்க. ஏத்துனது தப்பே இல்லை.

ஆவணம்_அஸ்தம்பட்டி:
ஐயா, உங்க வேதனை நியாயம். ஆனா ஏத்துனதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. ஃபேர்லாண்ட்ஸ் தம்பி, படிச்சீங்களா? ஏத்துனாங்க.

ஃபேர்லாண்ட்ஸ்_மனை:
மதிப்பை ஏத்துனாங்க, கட்டணத்தைக் குறைச்சாங்க. அந்த ஏத்துன சுற்றறிக்கையையே உயர்நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு, தெரியுமா? 2024 ஜூலை 1லருந்து புது மதிப்பு. உங்க 1,08,000 கணக்கு எப்பவோ செத்துப் போச்சு.

ஆவணம்_அஸ்தம்பட்டி:
ரத்து ஆகுறவரைக்கும் கட்டுனவங்க பணம் செத்துப் போச்சு, என் கணக்கு இல்லை. அந்தம்மா தோடு திரும்பி வந்துச்சான்னு நான் இன்னும் கேட்கலை, கேட்க வாய் வரலை. ஜூலை 1 புது மதிப்புல உங்க தெரு இறங்கியிருக்கா ஏறியிருக்கா, அதையும் போடுங்க.

கன்னங்குறிச்சி_டீச்சர்:
2025 ஏப்ரல் 1லருந்து பெண்கள் பேர்ல 10 லட்சம் வரைக்கும் பதிவு பண்ணா கட்டணத்துல 1 சதவீதம் சலுகை. என் பேர்ல வாங்கலாம்னு இருக்கோம். 10 லட்சத்துக்குள்ள டவுன் பக்கம் வீட்டுமனை இருக்கா? யாராவது நேரா பதில் சொல்லுங்களேன்.

ஃபேர்லாண்ட்ஸ்_மனை:
மேடம், வாழப்பாடி ரோட்டுப் பக்கம் பாருங்க.

ஆவணம்_அஸ்தம்பட்டி:
டீச்சரம்மா, யார் சொன்னாலும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காம, டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் நம்பர் வாங்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. 2016 செப்டம்பர்ல உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு பண்ணக் கூடாதுன்னு தடை போட்டப்ப, என் பெஞ்சுல வந்து அழுதவங்க எல்லாம் இப்படி "ரோட்டுப் பக்கம் பாருங்க"ன்னு கேட்டு வாங்குனவங்கதான்.

ஃபேர்லாண்ட்ஸ்_மனை:
இதுதான் உங்க புத்தி. கணக்குல ஜெயிக்க முடியலைன்னா தொழில்ல கை வைப்பீங்க. அந்தத் தடையும், நவம்பர்ல 500, 1,000 நோட்டு செல்லாதுன்னதும் சேர்ந்துதான் அன்னைக்கு மார்க்கெட்டைப் படுக்க வச்சுது. அதைத் தூக்கி நிறுத்தத்தான் 2017ல மதிப்பைக் குறைச்சாங்க. அது தெரியாம வழிகாட்டி மதிப்புன்னு ஒத்தை வார்த்தையைப் பிடிச்சுத் தொங்குறீங்க.

எஸ்டேட்_ஏற்காடு:
மலையில வந்து பாருங்க உங்க மார்க்கெட்டை. வீடு கட்ட ஹாக்கா (மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம்) அனுமதி தேவைப்படுற கிராமத்துல, காப்பித் தோட்டத்தைத் துண்டு போட்டு "வியூ பாயிண்ட் மனை"ன்னு விக்கிறாங்க. எந்த பட்ஜெட் வந்தாலும் அவங்களுக்கு விலை இறங்குனதே இல்லை. வாங்குறதெல்லாம் பெங்களூர்க்காரங்க.

பட்டறை_செவ்வாய்ப்பேட்டை:
பெங்களூர்க்காரன் வாங்குனா உங்களுக்கு என்ன? வித்தது நீங்கதானே?

எஸ்டேட்_ஏற்காடு:
நான் ஒரு சென்ட் விக்கலை. ஆளைத் தெரிஞ்சு பேசுங்க.

வட்டிக்கணக்கு:
2025 பிப்ரவரிலருந்து ரிப்போ இறங்க ஆரம்பிச்சு, ஜூன்ல 5.5 ஆச்சு. பழைய கடன்காரங்க பேங்க்ல போய் தவணையைக் குறைச்சுக் கேளுங்க. சும்மா இருந்தா தவணைத் தொகை அப்படியே நிக்கும், காலம் மட்டும் சுருங்கும்.

ஆவணம்_அஸ்தம்பட்டி:
சார், நல்ல தகவல். ஆனா நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை. ஃபேர்லாண்ட்ஸ் தம்பி, முழு விலைக்குப் பத்திரம் போட்டதுன்னு சொன்னீங்களே, உங்க லேஅவுட்லயே ஒண்ணு காட்டுங்க.

ஃபேர்லாண்ட்ஸ்_மனை:
பேரையும் நம்பரையும் மறைச்சு நாளைக்கே போடுறேன். 9 சதவீதம்னு உங்க கண்ணால பார்த்துக்கோங்க.

ஆவணம்_அஸ்தம்பட்டி:
போடுங்க. கட்டண ரசீதை மட்டும் இல்லை, விலை எழுதியிருக்கிற பக்கத்தையும் சேர்த்துப் போடுங்க. லேஅவுட் அப்ரூவல் தேதி தெரியற மாதிரி.

பட்டறை_செவ்வாய்ப்பேட்டை:
காமலாபுரத்துல வித்ததோட பத்திரத்தையும் போடச் சொல்லுங்க.

ஃபேர்லாண்ட்ஸ்_மனை:
உங்களுக்கு எதுக்கு அண்ணா அது? நீங்க வாங்கவே இல்லையே!