மெடிக்கல் சீட்டுக்குப் பதிலே வரவில்லை, யாராவது வழி சொல்லுங்கள் (ஜோகன்னஸ்பர்க்)

மிட்ராண்ட் அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். அவசரத்தில் எழுதுகிறேன், தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் மேட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) முடித்துவிட்டாள். போன வாரம் ரிசல்ட் வந்தது, நல்ல மார்க்தான். இங்கே மூன்று பல்கலைக்கழகங்களுக்கு மெடிசின் கேட்டு ஜூனிலேயே விண்ணப்பம் போட்டாயிற்று. யூகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக இங்கிலாந்திலும் நான்கு இடங்களுக்குப் போட்டாள். அதில் ஒரு இடத்துக்கு டிசம்பரில் ஆன்லைன் நேர்முகமும் முடிந்தது. இன்றுவரை எங்கிருந்தும் உண்டு என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. போர்ட்டலைத் திறந்தால் "பரிசீலனையில் உள்ளது" என்ற அதே ஒரு வரி.

நேர்முகத்தன்று குக்கர் விசில் அவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. அவள் அறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது கேள்வியோ ஆறாவதோ, பாதியில் அவள் குரல் நின்றுபோனது எனக்கே கேட்டது. வெளியே வந்து "சொதப்பிட்டேன்மா" என்றாள். அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது ராத்திரி இரண்டு மணிக்கும் கதவிடுக்கில் போன் வெளிச்சம் தெரிகிறது.

நாங்கள் இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது, விவரம் கேட்கவும் ஆளில்லை. பதில் வராததற்கு என்ன அர்த்தம்? போன் செய்து கேட்கலாமா? கேட்டால் பிள்ளையின் பெயர் கெட்டுப்போகுமா?

ரிச்சர்ட்ஸ் பே அக்கா:
தங்கச்சி, முதலில் நீ ஒழுங்காகச் சாப்பிடு. உன் எழுத்தைப் பார்த்ததும் என் முதல் வருடம்தான் ஞாபகம் வந்தது. 2003இல் வந்தோம். அந்த ஊரில் எனக்குத் தெரிந்து தமிழ்க் குடும்பம் இரண்டே இரண்டு. கறிவேப்பிலைக்கு டர்பன் போக வேண்டும், போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். கைக்குழந்தையோடு வீட்டுக்குள்ளேயே கிடந்து, மத்தியானம் மூன்று மணி ஆனால் தானாக அழுகை வரும். ஒருநாள் டர்பன் கோயிலில் ஒரு பாட்டி தேவாரம் பாடினார். தமிழ் பேச அவருக்கு வராது. ஆங்கில எழுத்தில் எழுதி வைத்த தாளைப் பார்த்து, ஒரு சொல் பிசகாமல் பாடினார். பாடி முடித்ததும் என் தலையில் கை வைத்தார் பார், அன்றைக்குத்தான் இந்த நாட்டில் இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அதனால் நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை கோயிலுக்குப் போய்விட்டு வா. மனசு தெளியும்.

ரோஸ் ஹில் தமிழன்:
மொரீஷியஸிலிருந்து எழுதுகிறேன். அங்கே காத்துக்கொண்டே இருப்பதைவிட இங்கே அனுப்பலாமே? இந்தியாவிலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். பாடம் ஆங்கிலத்தில்தான். கடைத்தெருவில் கிரியோல் பேசுவார்கள், ஆறு மாதத்தில் பழகிவிடும். தைப்பூசத்துக்கு நாடே விடுமுறை, காவடி எடுப்பதைப் பார்த்தால் பிள்ளைக்கு ஊர் நினைப்பே வராது. நான் வந்த புதிதில் மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் ஒற்றை அறையில் இருந்தவன். அதைக் கடந்து வந்த தைரியத்தில் சொல்கிறேன்.

சென்னை-டர்பன்:
சார் சொல்வதில் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ள பிள்ளை வெளிநாட்டில் மெடிசின் படித்துவிட்டுப் பிற்பாடு இந்தியாவில் டாக்டராகப் பதிவுசெய்ய நினைத்தால் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். 2021 நவம்பரில் வந்த விதிப்படி, படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், அதே கல்லூரியில் 12 மாதம் இன்டர்ன்ஷிப்பும் முடித்திருக்க வேண்டும். மொரீஷியஸோ வேறு நாடோ, பணம் கட்டும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

என் மகன் நீட் எழுதிய வருடம் தென்னாப்பிரிக்காவில் மையம் கிடையாது, சென்னைக்குப் போய்த்தான் எழுதினான். இங்கே பிசிக்கல் சயின்சஸ் என்று ஒரே பாடமாக மார்க் போடுகிறார்கள். முதல் தாள் இயற்பியல், இரண்டாம் தாள் வேதியியல். இந்தியாவில் ஒரு கல்லூரியில் "கெமிஸ்ட்ரி மார்க் எங்கே?" என்று கேட்டு எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு தாள் மார்க்கையும் தனித்தனியாகக் குறித்துப் பள்ளியில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், பேசாமல் ஒரு வருடம் விட்டு நீட்டுக்குத் தயார் செய்யுங்கள்.

ப்ரிட்டோரியா ராமு:
ஒரு வருடம் சும்மா விடவே விடாதீர்கள்! என் அக்கா மகள் அப்படித்தான் வீட்டில் உட்கார்ந்தாள், கடைசியில் படிக்கிற பழக்கமே போய்விட்டது. எந்த சீட் கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிசியோ, பயோமெடிக்கல், எதுவானாலும் சரி. ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தில், டிகிரி முடித்தவர்களை மெடிசின் மூன்றாம் வருடத்தில் சேர்க்கிற வழி ஒன்று இருக்கிறது.

லெஸ்டர் லதா:
நான் இப்போது இங்கிலாந்தில் நர்ஸ், முன்பு ஜோகன்னஸ்பர்க்கில்தான் இருந்தேன். நேர்முகம் பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கே மெடிசினுக்கு அக்டோபர் 15க்குள் விண்ணப்பம், அதிகபட்சம் நான்கு இடம். நேர்முகங்கள் டிசம்பரில் தொடங்கி பிப்ரவரி, மார்ச் வரைக்கும் போகும். எல்லோரையும் பார்த்து முடித்த பிறகே முடிவு சொல்கிற கல்லூரிகள் நிறைய. ஜனவரியில் பதில் இல்லை என்றால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை அக்கா.

குரல் நின்றது பற்றி: சின்னச் சின்னக் கேள்விகளாக, ஐந்தைந்து நிமிடமாக நடந்த நேர்முகம் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி மார்க். பெரும்பாலும் மார்க் போடுகிறவரும் வேறு வேறு ஆள். ஒன்றில் தடுமாறியதை அடுத்தவர் பார்த்திருக்கவே மாட்டார். இதைப் பாப்பாவிடம் சொல்லுங்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் மெடிசின் இடங்களில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம்தான். கட்டணம் வருடத்துக்கு நாற்பதாயிரம் பவுண்டைத் தாண்டுகிற இடங்கள் உண்டு. சீட் வந்த பிறகு பணத்தைப் பற்றி யோசிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

ப்ரிட்டோரியா ராமு:
இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? எத்தனை மார்க் எடுத்தாலும் இன ஒதுக்கீடு என்று சொல்லி நம் பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்துகிறார்கள். விசா கதை இன்னும் மோசம். என் மகனின் படிப்பு விசாவைப் புதுப்பிக்க ஐந்து மாதம் அலையவிட்டார்கள். காலை நாலரை மணிக்கு வரிசையில் நின்று டோக்கன் வாங்கினால், பத்து மணிக்கு சிஸ்டம் வேலை செய்யவில்லை என்பார்கள். அந்த ஐந்து மாதமும் அவன் பள்ளியில் என்ன சொல்வதென்று தெரியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ரிச்சர்ட்ஸ் பே அக்கா:
உண்மைதான் தம்பி. என் கணவரின் பேப்பரை ஒரு அலுவலகத்தில் தொலைத்துவிட்டு, இரண்டாம் முறை கட்டணம் கட்டச் சொன்னார்கள்.

டர்பன் லேப்காரர்:
ராமு, விசா விஷயத்தில் உங்கள் வேதனை நியாயமானது. ஆனால் ஒதுக்கீடு பற்றி அப்படிச் சொல்லாதீர்கள். டர்பன் மருத்துவக் கல்லூரி 1951இல் தொடங்கியது, வெள்ளையர் அல்லாத பிள்ளைகளுக்காக. மற்ற கதவுகள் சாத்தியிருந்த காலத்தில் ஆப்பிரிக்கப் பிள்ளைகளும் இந்தியப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகப் படித்தார்கள். நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பிகோ 1966இல் அங்கேதான் மெடிசின் சேர்ந்தார். 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து கரும்புக் காட்டில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் டாக்டரானது அப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான். நேற்று வந்த நாம் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

சரி, அந்த அம்மா கேட்டதற்கு வருவோம். இதுவரை யாரும் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லையே! என் மகள் இங்கே மெடிசின் நான்காம் வருடம், அதனால் இந்தக் காத்திருப்பு எனக்குத் தெரியும். அம்மா, நான்கு விஷயம் சொல்லுங்கள். மார்க் என்ன? பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான என்.பி.டி. தேர்வு எழுதினாளா? டர்பனுக்கு சி.ஏ.ஓ. என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாகப் போட்டீர்களா? எல்லாவற்றையும்விட முக்கியம், உங்களுக்கு பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) இருக்கிறதா, இல்லை இன்னும் வேலை விசாதானா? மெடிசின் இடங்கள் பெரும்பாலும் குடிமக்களுக்கும் பி.ஆர். உள்ளவர்களுக்கும்தான். வெளிநாட்டு மாணவி என்றால் வரிசையே வேறு.

மிட்ராண்ட் அம்மா:
ஐயா, கணிதம் 87, பிசிக்கல் சயின்சஸ் 84, லைஃப் சயின்சஸ் 91, ஆங்கிலம் 82. என்.பி.டி. ஜூலையில் எழுதினாள். டர்பனுக்கு சி.ஏ.ஓ. வழியாகத்தான்.

விண்ணப்பம் போட்டபோது வேலை விசாவில்தான் இருந்தோம். அவள் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு, வெளிநாட்டு மாணவி என்றுதான் நிரப்பினோம். பி.ஆர். அக்டோபரில் வந்தது, மூன்று பேருக்கும். இவர் அந்தக் கடிதங்களை சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறார். அதைக் கல்லூரிக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. பரீட்சை நேரம், அவளைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று இருந்துவிட்டோம். பெரிய தப்பு செய்துவிட்டோமா?

டர்பன் லேப்காரர்:
பதறாதீர்கள் அம்மா. உங்கள் கேள்விக்குப் பதிலே சாமி படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதை இன்றே எடுங்கள்.

மகளின் பி.ஆர். சான்றிதழை ஸ்கேன் செய்து, பக்கத்துக் காவல் நிலையத்தில் நகலுக்குச் சான்று முத்திரையும் வாங்கிவிடுங்கள். அங்கே பணம் கேட்க மாட்டார்கள். மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் தனித்தனி மின்னஞ்சல். தலைப்பிலேயே மாணவர் எண்ணும் "பி.ஆர். கிடைத்தது, நிலையை மாற்றவும்" என்பதும் இருக்கட்டும். உள்ளே நாலு வரி போதும். டர்பனுக்கு மட்டும் சி.ஏ.ஓ.வுக்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று என்று இரண்டு அனுப்புங்கள். ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குப் போய்ச் சேரும் என்று நம்பி உட்கார வேண்டாம். அனுப்பிய மறுநாள் போன் செய்யுங்கள். பிள்ளையின் பெயரெல்லாம் கெடாது. பேசியவர் பெயர், தேதி, நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். முடிந்தால் போனில் மகளே பேசட்டும், விண்ணப்பித்தவரிடம்தான் விவரம் சொல்வார்கள். கட்டணப் பிரிவுக்கும் இதே சான்றிதழ் போக வேண்டும், வெளிநாட்டுக் கட்டணம் வேறு.

நேரம் இன்னும் இருக்கிறது. இங்கே பெரும்பாலும் மார்க்கும் என்.பி.டி.யும்தான் பேசும். கேப்டவுனில் ஆறு பாடத்துக்கு 600, என்.பி.டி.க்கு 300, மொத்தம் 900க்குக் கணக்குப் போடுவார்கள். பல இடங்களில் கடைசி முடிவு மேட்ரிக் மார்க் வந்த பிறகுதான். முதலில் இடம் கிடைத்தவர்களில் சிலர் வேறு ஊருக்குப் போவார்கள், அந்த இடங்கள் பதிவு முடிகிற வரை கீழே இறங்கிக்கொண்டே வரும். என் மகளுக்கு ஆஃபர் பிப்ரவரியில்தான் வந்தது. குறுஞ்செய்தி போனது பழைய சிம்முக்கு. ஒப்புக்கொள்ள மூன்று நாள்தான் கெடு, இரண்டாம் நாள் ராத்திரி தற்செயலாகத்தான் அந்தப் பழைய போனைப் போட்டுப் பார்த்தோம். ஆகவே விண்ணப்பத்தில் கொடுத்த எண் இப்போதும் வேலை செய்கிறதா, ஸ்பாமில் ஏதாவது கிடக்கிறதா, இரண்டையும் பாருங்கள்.

ராமு சொன்னதில் பாதி சரி. மெடிசினுக்கு அடுத்த விருப்பமாகக் கேட்டதற்கு ஆஃபர் வந்தால், ஒப்புக்கொண்டால் மெடிசின் காத்திருப்பு ரத்தாகுமா என்று அந்த அலுவலகத்திலேயே கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். அப்புறம், மெடிசின் ஆறு வருடம், பிறகு இரண்டு வருடம் இன்டர்ன்ஷிப், ஒரு வருடம் சமூகப் பணி. இன்டர்ன்ஷிப் இடம் ஒதுக்கும்போதும் குடிமக்களுக்கும் பி.ஆர். உள்ளவர்களுக்கும்தான் முன்னுரிமை. அந்தக் காகிதம் ஒன்பது வருடம் பேசும்.

லெஸ்டர் லதா:
யூகாஸ் பக்கத்தில் இப்போது செய்ய ஒன்றும் இல்லை. மேட்ரிக் இறுதி மார்க்கை மட்டும் நேர்முகம் நடத்திய இடத்துக்கு அனுப்பிவையுங்கள். அந்த 91ஐ அவர்களும் பார்க்கட்டும்.

மிட்ராண்ட் அம்மா:
ஐயா, எல்லோருக்கும் கோடி நன்றி. கடிதத்தை எடுத்துவிட்டோம். ஓரத்தில் குங்குமம் பட்டிருக்கிறது, எழுத்து மறையவில்லை. மகளிடம் லதா சொன்னதைப் படித்துக் காட்டினேன். "ஒவ்வொன்றுக்கும் தனி மார்க்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். மின்னஞ்சல்களை அவளே எழுதிவிட்டாள். காலையில் எட்டு மணிக்குக் காவல் நிலையம், அங்கிருந்து வந்ததும் அவளே போன் செய்கிறாள். குங்குமம் பட்ட காகிதத்துக்கு முத்திரை போடுவார்களா ஐயா?

டர்பன் லேப்காரர்:
முத்திரை நகலில்தானே, போடுவார்கள். ஒரிஜினலைக் கையோடு எடுத்துப் போங்கள், பார்க்கக் கேட்பார்கள். நகல் ஐந்து எடுத்துக்கொள்ளுங்கள்.