மலை நடையில் எப்போதும் நான்தான் கடைசி. இந்த முறை போகலாமா?

கடைசி ஆள்:
வருகிற ஞாயிறு எங்கள் நடைக் குழுவில் பன்னிரண்டு பேர் ஒரு மலைக்குப் போகிறோம். போக வர 18 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர். வழியில் ஆள் நடமாட்டமே இருக்காது, போன் சிக்னலும் கிடையாது. ஐந்து மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்கிறார் கூட்டிப் போகிறவர். எனக்கு 52 வயது. ஏறிவிடுவேன், ஆனால் மெதுவாக.

போன முறை முன்னால் போனவர்கள் பாறையில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்ததும் "வந்தாச்சா? சரி, கிளம்பலாம்" என்று எழுந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பத்து நிமிடம் ஓய்வு, எனக்கு ஒன்றுமில்லை. நாள் முழுக்க இதே கதை. இறங்கும்போது தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பேசாமல் வரவில்லை என்று சொல்லிவிடலாமா?

ஒற்றையடி:
போங்கள். ஆனால் அந்த ஐந்து மணிக் கணக்கை நம்பாதீர்கள். அது நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன கணக்கு மாதிரி இருக்கிறது. இன்றைய அளவில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி. உங்கள் மலைக்குப் போட்டுப் பார்த்தேன், 5 மணி 6 நிமிடம். நல்ல தெம்புள்ளவர் எங்கும் நிற்காமல் நடந்தால்தான் அது. பன்னிரண்டு பேரில் ஒருவர் ஷூ கயிறு கட்டினாலே எல்லோரும் நிற்க வேண்டும்! எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குள் உச்சி வராவிட்டால் திரும்புவது என்பதையும் கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

மேட்டுப் பாதை:
அண்ணா, நீங்கள் இரண்டாவதாக நடங்கள். முன்னால் போகிறவர் உங்கள் வேகத்துக்கு நடக்கட்டும், வழி தெரிந்த இன்னொருவர் கடைசியில் வரட்டும். தொடை நடுங்கியது இறக்கத்தால்தான். இறங்கும்போது அந்தத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது, அதுதான் அதிகம் வலிக்கும். கைக்கம்பு இருந்தால் பாரம் கொஞ்சம் குறையும். ஒரு விசிலும் வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதினால் உதவி வேண்டும் என்று அர்த்தம்.

கடைசி ஆள்:
கூட்டிப் போகிறவரிடம் பேசிவிட்டேன். பாறை விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நீங்க வந்ததுக்கு அப்புறம்தான் பத்து நிமிஷம் எண்ணணும்" என்றார். இரண்டாவது இடமும் எனக்குத்தான். கம்பு ஒன்று போதுமா?

மேட்டுப் பாதை:
இறக்கத்துக்கு இரண்டு.