சர்க்கரை நோய்க்குப் பனைவெல்லம் ஆகுமா?

பெகு செல்வி
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறார். மதியமும் இரவும் சாப்பாடு முடிந்ததும் வெறும் தேநீரோடு தன்யெ, அதாவது பனைவெல்ல உருண்டை, கடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். இப்போது வாங்கும் பொட்டலத்தில் "சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது, இரும்புச்சத்து நிறைந்தது, ஜிஐ 35" என்று அச்சடித்திருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து உருண்டையின் எண்ணிக்கை கூடிவிட்டது. இதில் எது உண்மை? எவ்வளவு சாப்பிடலாம்? கலப்படம் இல்லாததை எப்படிக் கண்டுபிடிப்பது?

மாந்தலே உணவியலாளர்
செல்வி, முதலில் ஜிஐயை, அதாவது ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் எண்ணைப் பார்ப்போம். அந்த 35 பனைவெல்லத்தின் எண்ணே அல்ல. தென்னம்பாளைச் சர்க்கரைக்குப் பிலிப்பைன்ஸில் அளந்து சொன்ன எண் அது. அதே வகைச் சர்க்கரையைச் சிட்னி பல்கலைக்கழகத்தார் அளந்தபோது 54 வந்தது. வெள்ளைச் சர்க்கரைக்கு ஏறத்தாழ 65. இன்னொரு மரத்தின் எண்ணை எடுத்துப் பனைவெல்லத்தின் மேல் ஒட்டியிருக்கிறார்கள்.

பதநீரில் இருக்கும் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ், கரும்புச் சர்க்கரையில் இருப்பதும் அதுவே. ஏழெட்டு லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ வெல்லம் கிடைக்கும். போவது தண்ணீர், தங்குவது சர்க்கரை. நிறம் கருத்தால் சத்து கூட என்பதும் தவறு. அதிக நேரம் காய்ந்தாலே நிறம் கருக்கும்.

அளவுக்கு வருவோம். உருண்டைகள் ஒரே அளவில் இருப்பதில்லை, ஆகையால் எண்ணாமல் தராசில் நிறுத்துவிடுங்கள். பர்மிய வீசையில் நூறில் ஒரு பங்கான ஒரு கியாத்தா 16 கிராம். அதில் மாவுச்சத்து ஏறக்குறைய 14 கிராம். வெந்த சோறு 50 கிராமில், அதாவது ஒரு கோப்பையில் மூன்றில் ஒரு பங்கில், இருப்பதும் அவ்வளவே. அப்பாவுக்கு வெல்லம் வேண்டுமென்றால் ஒரு வேளைக்கு மட்டும், ஒரு கியாத்தாவுக்கு மேல் போகாமல், அதே வேளைச் சோற்றில் அந்த மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் கொடுங்கள். சோற்றைக் குறைக்காமல் மேலே வெல்லம் சேர்ப்பதுதான் ரத்தத்தில் ஏறும்.

தேநீர்க் கடைக்கும் போகிறாரா? சேர்த்த சர்க்கரையை நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டி. அது 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கான கணக்கு. வெல்லமும் அதில் அடங்கும். டின்பாலில் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி சேர்த்த சர்க்கரை. இரண்டு மேசைக்கரண்டி டின்பால் விட்ட ஒரு 'ச்சோ செயிங்' தேநீர் குடித்தாலே 18 கிராம் போய்விடும். அன்றைக்கு வெல்லத்துக்கு இடமில்லை.

தட்டோன் வாசகன்
அண்ணே சொன்ன கணக்கு சரி. ஆனால் இரும்புச்சத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. பிள்ளை பெற்றவர்களுக்கும் சோகை பிடித்தவர்களுக்கும் பனைவெல்லம் கொடுப்பது நம் வீடுகளில் காலங்காலமாக வரும் வழக்கம். அதில் ஒன்றுமே இல்லையா?

மாந்தலே உணவியலாளர்
இருக்கிறது தம்பி, அளவுதான் போதாது. சாறு, காய்ச்சும் பாத்திரம், பக்குவம் இவற்றைப் பொறுத்து வெல்லத்தின் இரும்பு வெகுவாக மாறும். தாராளமாக 100 கிராமுக்கு 11 மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கியாத்தாவில் 1.8 மி.கி. மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 18 மி.கி. வேண்டும். வெல்லத்திலேயே எடுப்பதென்றால் பத்து கியாத்தா, ஏறத்தாழ 600 கலோரி. செடிகொடிகளிலிருந்து வரும் இரும்பில் உடம்பு உறிஞ்சுவதும் சிறு பகுதியே.

இதைவிடப் பெரிய சிக்கல், நம் ஊரில் அதைத் தேநீரோடு சாப்பிடுவது. தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாமல் செய்கிறது. வெல்லத்தில் வந்த கொஞ்சமும் வீணாகிறது, சோற்றோடு வந்த பருப்பு கீரை இரும்பும் வீணாகிறது. சோகை இருப்பவர்கள் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கோப்பையில் 4.7 மி.கி. இரும்பு இருக்கிறது. அதன் மேல் எலுமிச்சை பிழிந்தால் உறிஞ்சுவதும் கூடும். பிள்ளை பெற்றவருக்கு மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதியிருந்தால் வெல்லத்தை நம்பி அதை நிறுத்தவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன்.

போப்பா சாலை
கலப்படக் கேள்விக்கு என் பதில். தண்ணீரில் கரைத்துப் பார், விரலில் தேய்த்துப் பார் என்று சுற்றும் வழிகள் மண்ணையும் சுண்ணாம்பையும் காட்டலாம், வெள்ளைச் சர்க்கரையைக் காட்டாது. காய்ச்சும்போது கரும்புச் சர்க்கரையைச் சேர்த்துவிட்டால் இரண்டும் ஒரே சுக்ரோஸ், வீட்டில் பிரித்தறிய வழியில்லை. ஆய்வகத்தில் கார்பன் ஐசோடோப்பை அளந்தால் தெரியும், ஏனென்றால் கரும்பும் பனையும் கார்பனைச் சேர்க்கும் விதம் வேறு. பகானிலிருந்து போப்பா மலைக்குப் போகும் சாலையோரம் கண்ணெதிரே காய்ச்சித் தருபவர்களிடம் வாங்கலாம். மணமும் சுவையும் கிடைக்கும். சர்க்கரை நோய்க்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

பெகு செல்வி
மிக்க நன்றி. இன்னும் இரண்டு. அப்பா கணக்கை நம்ப மாட்டார், வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறது, அதில் காட்ட முடியுமா? அத்தை இன்சுலின் போடுகிறார். சர்க்கரை இறங்கினால் வெல்லத்தை வாயில் அடக்கிக்கொள்கிறார். அது சரிதானா?

மாந்தலே உணவியலாளர்
காட்டலாம். ஒரு நாள் வெல்லம் இல்லாமலும், இன்னொரு நாள் அதே சோறு, அதே கறி, அதே நேரத்தில் வெல்லத்தோடும் சாப்பிடச் சொல்லுங்கள். இரண்டு நாளும் சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை அளந்து, ஏற்றத்தை ஒப்பிடுங்கள். 180 மி.கி./டெ.லி.க்குக் கீழே நின்றால் பெரும்பாலோருக்குப் போதும். குத்தும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்கவேண்டும். விரலில் துளி வெல்லம் ஒட்டியிருந்தாலும் மீட்டர் பொய்யாக ஏற்றிக் காட்டும். மீட்டருக்கும் கொஞ்சம் முன்பின் உண்டு, ஆகவே ஒரே ஒரு ஜோடி அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அத்தை செய்வது ஆபத்து. கட்டி வெல்லம் மெல்லக் கரையும், மயக்கத்தில் தொண்டையிலும் சிக்கலாம். 70க்குக் கீழே போனால் குளுக்கோஸ் பொடி 15 கிராம், இல்லையென்றால் தலைதட்டிய நான்கு தேக்கரண்டி சர்க்கரை, தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். 15 நிமிடம் கழித்து அளந்து, இன்னும் 70 தாண்டவில்லையென்றால் மறுபடி அதே அளவு. தாண்டியதும், அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் இரண்டு பிஸ்கட்டோ கொஞ்சம் சோறோ. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குளுக்கோஸ் பொடியை 15 கிராம் பொட்டலங்களாகக் கட்டி ஒன்றைத் தலைமாட்டிலும் ஒன்றைப் பையிலும் வையுங்கள்.