புதுப்பிப்பு: அம்பாசடரின் தட்டல் சத்தம் நின்றது

அப்பாவின் பழைய பெட்ரோல் அம்பாசடர், ஏலகிரி ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் கோலிக்குண்டு குலுங்குவது போலச் சத்தம் போடுகிறது என்று எழுதியிருந்தேன். டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) முந்தியிருக்கும் என்றீர்கள். அதுதான் சரி.

ஆனால் அதைச் சரிசெய்ய, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பப் போனபோது, வேலூர் சத்துவாச்சாரி மெக்கானிக் அண்ணன் தடுத்தார். "முதல்ல பாயிண்ட் கேப் பாரு தம்பி. அது மாறினா டைமிங்கும் மாறும்." பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் முனை; கேப் அதன் இடைவெளி. பார்த்தால், அதில் விட்ட 0.015 அங்குல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) உரசாமலே ஆடியது. கேப் அகலமானால் பாயிண்ட் சீக்கிரமே திறக்கும், பொறியும் முந்திவிடும். கேஜ் லேசாக இழுபடும் அளவுக்கு வைத்தோம். அப்புறம் டெஸ்ட் பல்பை மாட்டி, இன்ஜினில் உள்ள டைமிங் குறிகள் சேரும் இடத்தில் அது எரியும்படி டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். அந்தப் பொறுமையைப் பார்க்கவே ஆசையாக இருந்தது.

பிளக்குகளில் மூன்று நல்ல காப்பித்தூள் நிறம். மூன்றாம் சிலிண்டருடையது மட்டும் கரி பிடித்திருந்தது; அதன் ஒயரில் வெடிப்பு. ஒயரை மாற்றி, பிளக்குகளின் இடைவெளியை 0.025 அங்குலத்துக்கு வைத்தோம்.

ஞாயிறு காலை வாணியம்பாடி வழியாகப் போய், 14 வளைவும் ஏறினேன். ஒரு தட்டல் இல்லை. அப்பா ஜன்னலை இறக்கிவிட்டு, வழியெல்லாம் இன்ஜினையே கேட்டுக்கொண்டு வந்தார்.