அட்டவணை போடாமல் மெய்மம் என்று நிறுவுவது எப்படி?

தொடுவானம்: க → ச ∨ ச → க (→ என்பது "என்றால்", ∨ என்பது "அல்லது") என்பது மெய்மம், அதாவது க, ச மெய்யானாலும் பொய்யானாலும் எப்போதும் மெய்யாகும் கூற்று என்று, மெய், பொய் மதிப்புகளை எல்லாம் வரிசையிடும் மெய்மை அட்டவணை இல்லாமல் நிறுவ வேண்டும். எனக்கோ இது மெய்யாகவே படவில்லை. "எண் இரட்டை என்றால் அது பகா எண்" என்பது 4-இல் பொய்க்கிறது. "பகா எண் என்றால் அது இரட்டை" என்பது 3-இல் பொய்க்கிறது. இரண்டும் பொய்யானால் முழுக்கூற்று எப்படி மெய்யாகும்? நாளை காலை ஒப்படைக்க வேண்டும், விரைந்து உதவுங்கள்.

நீள்கோடு: அடைப்புக்குறிகள் எங்கே? ∨ முதலில் பிணையும் என்ற வழக்கப்படி படித்தால் இது க → (ச ∨ ச) → க ஆகிவிடும். அதை வலப்பக்கத்திலிருந்து சேர்த்தால் க → (ச → க) என்ற மெய்மம் கிடைக்கும். இடப்பக்கத்திலிருந்து சேர்த்தால் கிடைக்கும் (க → ச) → க என்பது வெறும் க-வுக்குச் சமானமே தவிர மெய்மம் அன்று. எந்த விதிகளுக்கு அனுமதி என்பதையும் சொல்லுங்கள்.

பழையஏடு: (க → ச) ∨ (ச → க) என்பதுதான் வினா என்று ஊகிக்க முடியாதவர்கள் முதல் பாடத்திலிருந்து தொடங்கலாம். முழுக்கூற்று பொய் என்று கொள்க. அப்போது இரு உறுப்புகளும் பொய்யாக வேண்டும். க மெய்யாகவும் ச பொய்யாகவும் இருந்தால் மட்டுமே க → ச பொய்யாகும்; எனவே முதலாவது பொய்யானால் ச பொய். இரண்டாவது பொய்யானால் ச மெய். இது முரண்பாடு. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வரிசை32: மெய், பொய் என்று மதிப்பிட்டுப் பார்ப்பதும் அட்டவணைதானே? கோடு மட்டும் போடவில்லை.

பழையஏடு: ஐந்து கூற்றுகள் இருந்தால் அட்டவணைக்கு 32 வரிசை வேண்டும். நான் பொய்யாகக்கூடிய வழியை மட்டுமே தொடர்கிறேன். உங்கள் பெயரே அதை நினைவூட்டியிருக்க வேண்டும்.

மௌனப்புள்ளி: அடைப்புக்குறியைப் பற்றிய கேள்வி வீணானதன்று. விலக்கிய நடு விதியை (க ∨ ¬க, அதாவது "க அல்லது க அன்று") பொதுவாக ஏற்காத உள்ளுணர்வுவாதத் தர்க்கத்தில் க → (ச → க) நிறுவத்தக்கது. (க → ச) ∨ (ச → க) நிறுவத்தக்கதன்று. பிந்தையதை அத்தர்க்கத்தோடு அடிகோளாக (நிறுவாமல் ஏற்கும் கூற்றாக) சேர்த்துக் கிடைக்கும் அமைப்பைத் தத்துவவியலாளர் மைக்கேல் டம்மெட் 1959இல் ஆராய்ந்தார்.

பழையஏடு: தேர்வுத்தாளில் டம்மெட்டுக்கு மதிப்பெண் கிடையாது.

நீள்கோடு: கேட்டவரின் எண் உதாரணத்துக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. க, ச இரண்டும் ஒரே எண்ணைப் பற்றிய கூற்றுகளாக இருக்க வேண்டும். 4-ஐ எடுத்தால் முதல் உறுப்பு பொய். ஆனால் "4 பகா எண்" என்பதே பொய்யாதலால் இரண்டாவது உறுப்பு மெய்யாகிவிடுகிறது. 3-ஐ எடுத்தால் இது தலைகீழாகும். நீங்கள் ஓர் உறுப்பை 4-இலும் மற்றதை 3-இலும் சோதித்ததால், "எல்லா எண்களுக்கும்" என்ற அளவையைச் சொல்லாமலே உள்ளே கொண்டுவந்துவிட்டீர்கள். அது கூற்றுத் தர்க்கத்தின் எல்லைக்கு வெளியே உள்ளது.

தொடுவானம்: இரு பக்கமும் அடைப்புக்குறி உண்டு. சமான விதிகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

நீள்கோடு: அப்படியானால் மதிப்பிடும் வழி செல்லாது. க → ச என்பது ¬க ∨ ச என்பதற்குச் சமானம்; அப்படியே இரு நிபந்தனைகளையும் மாற்றி (¬க ∨ ச) ∨ (¬ச ∨ க) என்று எழுதுங்கள். பரிமாற்று விதியாலும் சேர்ப்பு விதியாலும் அது (க ∨ ¬க) ∨ (ச ∨ ¬ச) ஆகும். இரு அடைப்புகளும் மெய்மங்கள். ஒவ்வொரு படியிலும் விதியின் பெயரைக் குறிப்பிடுங்கள்.

தொடுவானம்: ஒப்படைத்துவிட்டேன். நன்றி.

வரிசை32: பழையஏடு அவர்களே, க ↔ ச (இரண்டும் ஒரே மதிப்புடையவை) பொய் என்று தொடங்கினால், எது மெய், எது பொய் என்று உங்கள் வழி இரண்டாகக் கிளைக்கிறது. அத்தகைய கூற்றுகள் அடுக்கி வந்தால் அதுவும் அட்டவணை அளவுக்கு நீளாதா?